உதிரி மல்லி

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோழி கிண்டிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் துணி மடிப்பின் ஓரத்தில் போடும் தறி நம்பரும், ரேஷன் கடையில் போடும் கையெழுத்தும்தான். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பது இப்போதும் எனக்குச் சந்தேகம். தப்பாக இருக்கும் இடத்தில் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நோட்டு வாங்கப் போனபோது கடைக்காரர், "ஏனுங், நோட்டு ஆருக்குங்க?" என்று கேட்டார். ஐம்பது வயதில் எனக்குத்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஊட்டுல கேட்டாங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் ஆண்கள் மனைவியைப் பேர் சொல்லிப் பேச மாட்டோம். ஊட்டுல என்றால் அவள்தான். சொல்லிவிட்டு ரோட்டுக்கு வந்த பிறகு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இதே இரண்டு வார்த்தையை ஒரு பஸ்ஸில் சொன்னேன். அதை எழுதத்தான் இந்த நோட்டையே வாங்கினேன். வாங்கும்போதும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மழை குறைந்த பூமி. நான் சின்ன வயதிலிருந்து தறிக்குடோனில் வேலை செய்கிறேன். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதுகூடக் கேட்காது. கையைக் காட்டியே எல்லாவற்றையும் சொல்லிக்கொள்வோம். மற்றவர்கள் அந்தச் சத்தத்தைத் திட்டுவார்கள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. யாரிடமும் வாய் திறக்காமல் எட்டு மணி நேரம் ஓட்டிவிடலாம். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேச வேண்டும் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதிலும் பொம்பளைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

எங்கள் வாசலில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு குண்டுமல்லிச் செடி இருக்கிறது. கல்யாணமாகி வந்த வருடம் என் மனைவி நட்டது. குடம் வைக்கும்போது சிந்துகிற தண்ணீரிலேயே வளர்ந்துவிட்டது. பங்குனி, சித்திரை என்று வெயில் ஏற ஏறப் பூக்கும். குளிர் காலத்தில் வெறும் இலைதான். வாயில் புண் வந்தால் அதன் இலையை இரண்டு பறித்து மென்று துப்பச் சொல்வாள். கசக்கும், எரியும், ஆனால் ஆறிவிடும். அந்த அளவுக்குத்தான் அதன் வைத்தியம் எனக்குத் தெரிந்திருந்தது. பூவில் இருக்கும் வைத்தியம் எனக்கு நான் சொன்ன அந்த வருட மார்கழியில்தான் தெரிந்தது.

எங்களுக்கு முதலில் பிறந்தது பெண் குழந்தை. முப்பத்தெட்டு நாள் இருந்தது. காய்ச்சல் என்று கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். நான்கு நாள் பார்த்தார்கள். அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். திரும்பி வரும்போது என் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் மூடியிருந்தாள், தூங்குகிற பிள்ளைக்கு வெயில் படாமல் மூடுவது போல. என் அண்ணனுடைய வெள்ளாமைக் காட்டு ஓரத்தில் அடக்கம் செய்தோம். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது நாள் காலையில் அவளால் கையைத் தூக்க முடியவில்லை. குழந்தை போனது உடம்புக்குத் தெரியாது போலிருக்கிறது. பால் சுரந்துகொண்டே இருந்தது. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் ரவிக்கை நனைந்துவிடும். அவள் அதை மறைக்க ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, துணியால் இறுக்கிக் கட்டினால் தானாக வற்றிவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கட்டிப் பார்த்தாள். வலி அதிகமானதுதான் மிச்சம்.

அன்றைக்கு நான் ஷிப்டு முடிந்து வந்ததும் மெதுவாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங், ஒண்ணு வாங்கியாறீங்களா?"

"மாத்தரையா?"

"மல்லிகைப் பூங்க. எங்க தம்பிக்குப் பால் மறக்கடிச்சப்ப எங்கம்மா மல்லிப்பூவ வெச்சுக் கட்டிக்கிட்டாங்க. ரெண்டு நாள்ல வத்திருச்சு. நான் சின்னப் புள்ளையா இருக்கறப்பப் பார்த்திருக்கேன். நம்ம செடியில ஒண்ணுமே இல்லீங்க."

அவளுடைய அம்மா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் இதற்கெல்லாம் நான் தேவைப்பட்டிருக்க மாட்டேன். அடுத்த தெருவில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். "அண்ணிகிட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாங்க. அவங்க ரெண்டு புள்ளையப் பெத்து வெச்சிருக்கறவங்க. என்ற நெஞ்சைத் தொறந்து அவங்ககிட்டக் காட்ட எனக்குக் கூச்சமா இருக்குது" என்றாள். பிறகு, "உதிரியா வாங்குங்க, கட்டுனது வேண்டாம்" என்றாள். அதை அவள் தெளிவாகச் சொன்னாள். நான்தான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு அம்மா பூக்கூடை வைத்திருப்பார். மார்கழியில் மல்லி அரிது. சத்தியமங்கலத்துப் பக்கமிருந்து கொஞ்சமாக வரும். நான் போனபோது நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"மல்லி" என்றேன்.

"எத்தன மொளம் கண்ணு?"

உதிரி என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், கோயிலுக்கா, மாலைக்கா, எதற்கு என்று கேட்பார். அங்கே ஆணும் பெண்ணும் நிற்கிறார்கள். "நாலு" என்றேன்.

"நாலு மொளமா! இந்த மார்கழிக் குளுர்ல நாலு மொளம் மல்லி. புதுமாப்பிள்ளையா நீயி?"

பக்கத்தில் நின்ற ஒரு கிழவர், "அதைக் கேக்கோணுமா, மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். குழந்தையை மண்ணில் வைத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சிரித்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று சிரித்தேன். அந்த அம்மா வாழை இலையில் சுற்றிக் கொடுத்தார். "ஊட்டுக்காரி குடுத்து வெச்சவ" என்றார்.

பஸ்ஸில் ஏறின பிறகுதான், இரண்டு சீட்டுக்கு முன்னால் என் அண்ணி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். சந்தைக்குப் போய்விட்டு வந்திருந்தார். கூட எங்கள் ஊர்ப் பொம்பளைகள் இரண்டு பேர். மல்லிகை வாசத்தை மறைக்க முடியுமா? பையை எங்கே வைத்தாலும் வாசம் வந்துகொண்டே இருந்தது. அண்ணி திரும்பினார்.

"என்ன கொழுந்தனாரே, பஸ்ஸே மணக்குது. பூவுங்களா?"

தலையாட்டினேன்.

"ஆருக்குங்க?"

அண்ணி கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சாமிக்கு என்றோ சமாதிக்கு என்றோ சொல்வேன் என்று நினைத்துத்தான் கேட்டிருப்பார். பால் கட்டிக்கொண்டது, அதற்கு மருந்து என்று நான் சொல்ல வேண்டும். மூன்று பொம்பளைகளுக்கு முன்னால், பால் என்ற வார்த்தையும் மார்பு என்ற வார்த்தையும் என் வாயில் வர வேண்டும். வரவில்லை.

"ஊட்டுல கேட்டாங்க" என்றேன்.

கூட இருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி முன்னால் திரும்பிக்கொண்டார். எங்கள் ஊர் வருகிற வரைக்கும் அவர் திரும்பவே இல்லை.

துக்க வீட்டில் பூ வைத்துக்கொள்ள மாட்டார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். பச்சைக் குழந்தை போன வீட்டில், மூன்றாம் நாள், பெற்றவள் கடைக்கு ஆள் விட்டு மல்லிகை வாங்கி வரச் சொன்னாள் என்றால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதை நினைக்க வேண்டிய இடத்தில் நான் நினைக்கவில்லை. இறங்கியதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பேச்சு முடிந்துவிட்டது என்ற நிம்மதி.

வீட்டில் அவள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். "கட்டுனதா வாங்கியாந்துட்டீங்க" என்றாள். கோபப்படவில்லை. நெருக்கமாகக் கட்டின சரம் நெஞ்சில் அழுந்தும், நார் உரசும் என்றாள். முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து, நாரின் முடிச்சைத் தளர்த்தி ஒவ்வொரு பூவாக உருவினாள். நானும் உட்கார்ந்து உருவினேன். தறியில் அறுந்த நூலைப் பிணைத்துப் பழகிய விரல், முடிச்சை அவிழ்ப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. நாலு முழமும் அவிழ்க்க வெகு நேரம் ஆயிற்று. குழந்தை போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான்.

அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். பூ வாடாததாக இருக்க வேண்டும். காம்பைக் கிள்ளிவிட்டு, உள்ளங்கையில் லேசாகக் கசக்கினால் போதும், அரைக்க வேண்டாம். ஒரு பிடி பூவை மார்பில் பரப்பி, மேலே மெல்லிய பழந்துணியால் சுற்றிக் கட்ட வேண்டும். மூச்சு முட்டுகிற மாதிரி இறுக்கக் கூடாது. பால் கட்டி வலிக்கிறதே என்று பீய்ச்சி எடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது, எடுக்க எடுக்கச் சுரக்கும். தாங்க முடியாவிட்டால் கொஞ்சம் மட்டும். காலையில் ஒரு தடவை, பொழுதோட, சாயங்காலம், ஒரு தடவை பூவை மாற்ற வேண்டும். மாற்றும்போது பழைய பூ வெந்த கீரை மாதிரி பழுப்பாக, சூடாக இருக்கும். மூன்று நாள், நான்கு நாளில் அடங்கிவிடும். காய்ச்சல் வந்தாலோ, ஒரு இடம் மட்டும் சிவந்து கொதித்தாலோ பூவை நம்பி உட்காரக் கூடாது, டாக்டரிடம் போய்விட வேண்டும். இதெல்லாம் என் மனைவி சொன்னது. பின்னால் ஒரு தடவை சர்க்கார் சித்த வைத்தியரிடம் வேறு விஷயமாகப் போனபோது கேட்டேன். அவரும் ஆமாம், அது பழைய கைவைத்தியம்தான் என்றார். அவரிடம் கேட்கிற தைரியம் எனக்கு வரப் பதினைந்து வருடம் ஆயிற்று.

என்னுடைய பழைய வேட்டியைத்தான் கிழித்துக் கட்டிக்கொண்டாள். நான் மறுபடி இரண்டு தடவை வெள்ளகோவில் போய் வந்தேன். அப்போது உதிரியாகவே வாங்கினேன். பூ வைத்துக் கட்டத் தொடங்கிய நான்காவது நாள் அவள் கையைத் தூக்கித் தலை சீவினாள். வலி போயிருந்தது. ஆனால் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். பால் வற்றிவிட்டது என்றால் குழந்தை இருந்ததற்கு இனி உடம்பில் அடையாளம் ஒன்றுமில்லை என்று அழுதாளோ என்னவோ. நான் கேட்கவில்லை.

மாற்றிப் போட்ட பூவை வழியில் கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை. முறத்தில் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நாளில் ஒரு தடவை அண்ணி சோற்றுப் போசியோடு வந்தார். வீடு முழுக்க மல்லிகை வாசம். முறத்தில் வாடிய பூ. போசியை வைத்துவிட்டு உட்காராமல் போய்விட்டார்.

அடுத்த வாரம், வாசல் குழாயில் தண்ணீர் வராத ஒரு நாள், தெருக் குழாயில் என் மனைவி தண்ணீர் பிடிக்கப் போனாள். இவள் வருவதைப் பார்க்காமல் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாளாம்: "புள்ள மண்ணுக்குள்ள போயி மூணு நாள் ஆவலை, அவளுக்கு மல்லி கேக்குது. புருசன் மொளக் கணக்குல வாங்கியாந்து குடுக்கறான். அவங்க ஓரகத்தியே சொன்னா." ஓரகத்தி என்றால் அண்ணிதான். இவளைப் பார்த்ததும் எல்லோரும் குடத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"என்னென்னமோ பேசறாங்க. நீங்க பூ வாங்கியாந்தத ஆரோ பார்த்திருக்காங்க. ஆருங்க பார்த்தது?"

"தெரியல" என்றேன்.

அது முதல் பொய்.

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "அக்கா நல்லவங்கதான். வெசயம் தெரியாம பேசியிருப்பாங்க. நான் போயி எப்படிச் சொல்றது? நீங்க உங்க அண்ணங்கிட்டச் சொல்லுங்க. மருந்துக்குத்தான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், அவரு அக்காகிட்டச் சொல்லிப்போடுவாரு."

சரி என்று போனேன். அண்ணன் ஆட்டுக்குக் குழை, வேப்பந்தழைதான், கட்டிக்கொண்டிருந்தார். "என்றா, என்ன வெசயம்?" என்றார். "சும்மாத்தான்" என்றேன். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். தறி வேலையைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொன்னார், கேட்டேன். குழை கட்டி முடிந்தது. தம்பி பொண்டாட்டியின் மார்பைப் பற்றி அண்ணனிடம் எப்படிப் பேசுவது என்று என் மனசு சொன்னது. அது சாக்குதான் என்று இன்றைக்குத் தெரிகிறது. எழுந்து வந்துவிட்டேன்.

"சொன்னீங்களா?"

தலையை ஆட்டினேன். அது இரண்டாவது பொய். வாயால்கூடச் சொல்லவில்லை.

அவள் காத்திருந்தாள். அண்ணி வந்து ஏதாவது சொல்வார், இல்லையென்றால் பார்வையாவது மாறும் என்று. ஒன்றும் மாறவில்லை. மாற என்ன இருக்கிறது, அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே. என் மனைவி என்ன நினைத்துக்கொண்டாள் என்றால், எல்லாம் தெரிந்த பிறகும் இவர்கள் என்னை இப்படித்தான் நினைக்கிறார்கள் என்று. இருபத்திரண்டு வருடம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். நான் நினைக்க விட்டேன்.

அன்றிலிருந்து அவள் தலையில் பூ வைக்கவில்லை. கல்யாணம் காட்சிக்குப் போனால் வாசலில் தட்டில் பூ நீட்டுவார்கள். "எனக்கு வாசம் ஒத்துக்கறதில்லீங்க, தலவலி" என்பாள். அடுத்த வருடம் எங்களுக்கு மகன் பிறந்தான். அவனுக்குப் பால் மறக்கடித்தபோது வைகாசி மாதம், செடி நிறையப் பூ. "பறிச்சுத் தரட்டுமா?" என்று கேட்டேன். "பூ வேண்டாங்க. துணியே போதும்" என்றாள். ஐந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மருந்து வாசலில் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் உள்ளும் வெளியும் நடந்துகொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

செடியை மட்டும் அவள் விடவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றுவாள். பூவைப் பறித்துக் கோயிலுக்கும் கேட்கிறவர்களுக்கும் கொடுத்துவிடுவாள்.

மகன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அண்ணி வீட்டில் மருமகளும் பத்து மாதப் பேரனும் இருக்கிறார்கள். போன வாரம் வெள்ளிக்கிழமை வெள்ளென, நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அண்ணி கையில் ஒரு கிண்ணத்தோடு வந்தார். என் மனைவி வாசல் குழாயடியில் இருந்தாள்.

"அம்மணி, உன்ற செடியில கொஞ்சம் பூ வேணும் சாமி."

"பறிச்சுக்குங்கக்கா. கோயலுக்குங்களா?"

"கோயலுக்கு எங்க? மருமவளுக்கு என்னமோ மாத்தர குடுத்திருக்காங்க, புள்ளைக்குப் பால் குடுக்கவே கூடாதுன்னுட்டாங்க டாக்டரு. பாலு கட்டிக்கிட்டு ராத்திரியெல்லாம் அழுவுறா. வத்தறதுக்கும் ஒரு மாத்தர இருக்குதாமா, அதைத் தின்னாத் தல சுத்துதுங்கறா. டாக்டரம்மாகிட்டக் கேட்டேன், பூவுந்தான் வெச்சுப் பாருங்கன்னுட்டாங்க. மல்லிப்பூ வெச்சுக் கட்டுனா வத்திருமாமா. நம்மூர்ல எவளுக்குத் தெரியுது அந்த வைத்தியமெல்லாம்?"

என் வாயில் பல்பொடி இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

என் மனைவி குழாயை மூடினாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு செடியருகே உட்கார்ந்து பறிக்க ஆரம்பித்தாள். பறித்துக்கொண்டே சொன்னாள். "காம்பக் கிள்ளிருங்கக்கா. அரைக்க வேண்டாம், லேசாக் கசக்குனாப் போதும். சரமாக் கட்டி வெக்காதீங்க, உதிரியாத்தான் வெக்கோணும். காலைல ஒருக்கா, பொழுதோட ஒருக்கா மாத்துங்க. பழைய பூவ எடுக்கறப்பக் கொதிக்கும், பயப்படாதீங்க. மூணு நாளு போதும்."

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தன வெவரமாச் சொல்றயே, உனக்கு எப்புடி அம்மணி தெரியும்?"

மனைவியின் கை பூவில் நின்றது. அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். உண்மையாகவே தெரியாமல் கேட்கிற முகம் அது. பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் பல்பொடியைத் துப்புகிற சாக்கில் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். ஐம்பது வயது ஆள். வாசலில் இரண்டு பொம்பளைகளை விட்டுவிட்டுப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

அண்ணி போன பிறகு உள்ளே வந்தேன். அவள் அடுப்பு முன்னால் இருந்தாள்.

"அன்னைக்கு நீங்க சொல்லவே இல்லைங்களா?"

"இல்ல."

"செரி" என்றாள். அவ்வளவுதான். தோசையைத் திருப்பிப் போட்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்றைக்கும் மறுநாளும் எனக்குச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அண்ணி வீட்டு மருமகளுக்கு இரண்டு வேளையும் பூ பறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஷிப்டு முடிந்ததும் நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணன் காட்டில் இருந்தார். அண்ணி புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி. மருமவளுக்கு இன்னைக்குப் பரவால்ல, தூங்குறா" என்றார். நின்றுகொண்டே சொன்னேன். மார்கழி, குழந்தை, பால், பூ, எல்லாவற்றையும். இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும், அதனால் நிறுத்தவில்லை. தெருக் குழாயடியில் பேசினதையும் சொன்னேன்.

அண்ணியின் கையில் புளி அப்படியே இருந்தது.

"நானா அப்புடிச் சொன்னேன்? ஓரகத்தி சொன்னான்னு எம்பேரச் சொன்னாங்களா?" கையிலிருந்த புளியை முறத்தில் போட்டார். "சொல்லியிருப்பேன். சொல்லலைன்னு சொல்ல மாட்டேன் தம்பி. ஆனாக் குழாயடில என்ன பேசுனேன்னு எனக்கு நெனப்பில்ல. ஒண்ணே ஒண்ணு நல்லா நெனப்பிருக்குது. பஸ்ஸுல நான் ஆருக்குன்னு கேட்டேன். நீங்கதான் ஊட்டுல கேட்டாங்கன்னு சொன்னீங்க. அதக் கேட்டு எனக்கு நெஞ்சே வெடிச்சாப்புல ஆயிருச்சு. என்ன பொம்பள இவன்னு நெனச்சேன்."

"ஆமாங்க. நான்தான் சொன்னேன்."

"அவளுக்கு அது தெரியுமா?"

"தெரியாதுங்க."

அண்ணி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "நான் வந்து அவ கையப் புடிச்சுக்கோணும். இப்பவே வருவேன். ஆனா நான் வந்தா பஸ்ஸுல நடந்ததையும் சொல்லித்தான் ஆவேன். சொல்லாம என்னால மன்னிப்புக் கேக்க முடியாது. எங்கிட்ட இருந்து அவ அதக் கேக்கக் கூடாது தம்பி. வெள்ளிக்கெழம வாரேன். அதுக்குள்ள நீங்க சொல்லிப்போடுங்க."

நியாயம்தான். அண்ணியிடம் நின்றபடி எல்லாவற்றையும் சொல்ல முடிந்தது. என் மனைவியிடம் முடியவில்லை. செவ்வாய் சாயங்காலம் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். "என்னங்க?" என்றாள். "சும்மாத்தான்" என்றேன். ஆட்டுக்குக் குழை கட்டிய அன்றைக்குச் சொன்ன அதே சும்மாத்தான்.

அதனால்தான் புதன்கிழமை இந்த நோட்டை வாங்கினேன். முதலில் அவள் படிக்கட்டும், பிறகு யார் படித்தாலும் சரி. அவள் எட்டாவது வரைக்கும் படித்தவள். என் கையெழுத்தை அவளால் படிக்க முடியும். மூன்று நாளாக ஷிப்டு விட்டு வந்து, வேப்ப மரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். என்ன எழுதுகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

அவளுக்குத் தெரியாமல் நான் வைத்திருந்தது மூன்று. பூக்கடையில் நான் சிரித்தது. பஸ்ஸில் ஊட்டுல கேட்டாங்க என்று நான் சொன்னது. யார் பார்த்தது என்று கேட்டபோது தெரியல என்றது. ஊர் அவளைப் பற்றிப் பேசினது எல்லாம் என் வாயிலிருந்து கிளம்பினது. அண்ணியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அண்ணி கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன், அந்தப் பதிலை அண்ணி நம்பினார்.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. பூ வைத்துக்கொள் என்று சொல்லவும் எனக்கு வாயில்லை. பால் கட்டினால் மல்லிகைப் பூ மருந்து, அன்றைக்கு அவள் கேட்டது மருந்துதான் என்று ஒரு ஆள் ஊருக்குள் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆள் நான். இனிமேல் யார் கேட்டாலும் சொல்வேன். பஸ்ஸில் கேட்டாலும் சொல்வேன்.

பத்து மாதம் கொடுத்த பால், அண்ணி வீட்டு மருமகளுக்கு முழுசாக வற்ற ஒரு வாரம் பிடித்துவிட்டது. இப்போது அவள் வாசலில் அண்ணி வீட்டுக்குக் கடைசி வேளைப் பூவைப் பறித்துக்கொண்டிருக்கிறாள். பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது. அண்ணி வருவதற்குள் அவள் படித்து முடித்துவிடுவாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நோட்டை அவள் கையில் கொடுக்கப் போகிறேன். பூவை இன்றைக்கு நானே கொண்டுபோகிறேன். வழியில் யாராவது யாருக்கு என்று கேட்பார்கள்.

ஆனி மாதம், பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை.